வாப்பாவின் றங்குப் பெட்டியும் தலைப்பில்லாத ஒரு நாவலும்

எங்கள் பாடசாலையில் நூலகம் என்று தனியாக ஓர் அறை கிடையாது. அதிபரின் காரியாலய மூலையில் நிற்கும் ஒரு கண்ணாடி அலுமாரிதான் நூலகம். அதன் திறப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. மாணவர்கள் மட்டுமல்ல, ஊரவர்களும் வருவார்கள். கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்த இளைஞன், ஓய்வு பெற்ற தபாற்காரர், வேளாண்மை வெட்டு முடிந்து கை ஓய்ந்திருக்கும் போடியார் என்று பலதரப்பட்டவர்கள். பெரும்பாலும் எல்லாருடைய கேள்வியும் ஒன்றுதான். “சேர், வாசிக்க நல்ல சரித்திரக் கத ஒண்டு செல்லுங்க.”

சமூக நாவல் கேட்டு வருபவர்கள் குறைவு. கவிதை கேட்டு வருபவர்களை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரித்திர நாவலுக்கு மட்டும் எக்காலத்திலும் ஆள் உண்டு. எந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் எனக்கு ஓரளவு அனுபவம் வந்துவிட்டதாக ஒரு காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிக் குலைந்தது என்பதையும், இனி யாருக்கும் கொடுக்க முடியாமற்போன ஒரு புத்தகத்தைப் பற்றியும் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

மர்ஹூம் என் வாப்பா நெல் ஆலையொன்றில் கணக்கெழுதியவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். ஆனால் எங்கள் வளவில் றங்குப் பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரை பறந்தபோது, கட்டிலுக்கு அடியில் பெட்டியைத் தள்ளி அதன்மேல் தானே குந்தியிருந்தாராம். உம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நான் பிறப்பதற்கு முந்திய கதை அது. 1990 இல் நாங்கள் ஊரைவிட்டு ஓடி வேறோர் ஊரின் பாடசாலைக் கட்டிடத்தில் அகதிகளாகப் படுத்துக் கிடந்தபோதும், உடுபுடவை ஒரு மூட்டை, றங்குப் பெட்டி ஒன்று, இரண்டுந்தான் எங்களோடு வந்தன. அரிசிச் சாக்கை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கி வந்ததற்காக உம்மா அன்று சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள்தான் என் முதற் சரித்திர நாவல் இருந்தது. அதற்கு அட்டை இல்லை. தலைப்புப் பக்கமும் இல்லை. எழுதியவர் யார், அச்சிட்டது எவ்வூரில் என்பதெல்லாம் கிழிந்துபோன பக்கங்களோடு போய்விட்டன. மிஞ்சியிருந்த முதல் தாளில் ஒரு கோட்டுச் சித்திரம். குதிரையின் முன்னங்கால்கள் இரண்டும் ஆகாயத்தில் நிற்க, அதன்மேல் வாளை உயர்த்திப் பிடித்த ஓர் இளைஞன். முஹம்மது பின் காசிமின் சிந்துப் படையெடுப்பைப் பற்றிய கதை. பதின்மூன்று வயதில் அதை மூன்று முறை வாசித்தேன். பதினேழு வயதில் ஒருவர் படைத்தளபதியாகலாம் என்றால், எனக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டவன் நான்.

பிற்பாடு, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில், விடுதியில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் கைமாறிக்கொண்டிருந்தது. 1950 தொடக்கம் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தபோது வாசகர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பார்கள். நாங்கள் பாகக்கணக்கில் காத்திருந்தோம். ‘புது வெள்ளம்’ முடித்தவன் ‘சுழற்காற்று’ வைத்திருப்பவனின் கட்டிலடியில் போய்க் குந்துவான். மூன்றாம் பாகம் கிடைக்காத ஆத்திரத்தில் நாலாம் பாகத்தை முதலில் வாசித்த ஒரு நண்பர் இப்போது ஓர் அதிபர். இன்றும் சந்தித்தால் அவரைக் ‘கொலை வாள்’ என்றுதான் அழைப்பேன்.

ஆசிரியனாக ஊருக்குத் திரும்பியதும் நான் பரிந்துரைத்த முதல் நூல் அதுதான். அதன் விளைவு ஒரு தவணைப் பரீட்சையில் தெரிந்தது. சோழர் படையெடுப்பால் இலங்கையில் ஏற்பட்ட விளைவுகளை எழுதுமாறு வரலாற்று வினாத்தாளில் கேட்டிருந்தேன். நன்றாக வாசிக்கும் ஒரு மாணவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அநுராதபுரத்தில் பிக்குமார் சிம்மாசனத்தைத் தர முன்வந்தார்கள், அருள்மொழிவர்மர் பெருந்தன்மையோடு மறுத்தார், பூங்குழலி என்னும் பெண் அவரைப் படகில் ஏற்றிக் கோடியக்கரைக்குக் கொண்டு சென்றாள், அவர் அண்ணனின் மரணத்துக்கு நந்தினி என்பவள் காரணம். அழகான தமிழ். ஒரு புள்ளியும் கொடுக்க வழியில்லை.

அழைத்து விளக்கினேன். “நீங்கதானே சேர் அதச் சரித்திரக் கத எண்டு தந்தீங்க?” என்றான். அவன் கேட்டதில் பிழையில்லை. பாடப் புத்தகத்தில் அதே அருள்மொழிவர்மர், முதலாம் இராசராசனாகப் படை அனுப்பி 993 அளவில் அநுராதபுரத்தைச் சிதைத்தவர். அவர் மகன் இராசேந்திரனின் காலத்தில், 1017 இல், ஐந்தாம் மகிந்த மன்னன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டான். ஒரு மனிதர் ஒரு புத்தகத்தில் அரியணையை மறுத்த உத்தமர், மற்றப் புத்தகத்தில் நகரை அழித்தவர். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்த நான், இடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றிலிருந்து அலுமாரியிலுள்ள ஒவ்வொரு சரித்திர நாவலின் பின்னட்டை உட்புறத்திலும் ஒரு துண்டுத்தாள் ஒட்டத் தொடங்கினேன். இரண்டு பத்தி. ஒன்றில் ‘வரலாறு’, மற்றதில் ‘கற்பனை’. பொன்னியின் செல்வனுக்கு எழுதியது இப்படி: வரலாறு - சுந்தர சோழர், ஆதித்த கரிகாலன் கொலையுண்டது, கொலையில் தொடர்புடையோராக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருப்பது, உத்தம சோழருக்குப் பின் 985 இல் இராசராசன் முடிசூடியது. கற்பனை - நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான். தாளை வாசித்த பின் கதையின் சுவை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. “அந்தக் கல்வெட்டு இப்பவும் இரிக்கா சேர்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். வரலாற்றுப் பாடத்தில் அவ்வளவு காலமும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இன்னொரு கேள்வியும் வந்தது. அதற்குத் துண்டுத்தாளில் விடை எழுத முடியவில்லை. பத்தாம் தரத்து மாணவியொருத்தி ஐந்து பாகங்களையும் ஒரு விடுமுறைக்குள் முடித்துவிட்டு வந்து, “இவ்வளவு பெரிய கதையில எங்கட ஆக்கள் ஆரும் இல்லையே சேர்?” என்றாள். சற்று யோசித்துவிட்டு அவளே சொன்னாள். “இல்ல, அரபுக்காரர் வாறாங்க. கப்பலப் புடிக்கிற முரடனுகளா வாறாங்க.”

கல்கியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் தன் வீட்டு முற்றத்திலிருந்து எழுதினார். எங்கள் முற்றத்திலிருந்து எழுதியவர் யார் என்பதுதான் கேள்வி. அறிஞர் சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885 இலேயே வந்துவிட்டது. தமிழில் நாவல் என்ற வடிவம் தவழத் தொடங்கிய காலத்திலேயே, கண்டியில் இருந்துகொண்டு ஒரு முஸ்லிம் சட்டத்தரணி மிஸ்ருக்கும் இந்தியாவுக்குமாகக் கதையை ஓட்டினார். ஆனால் அதில் எங்கள் ஊர்கள் இல்லை. வெளியே பார்த்தால், பெய்ரூத்தில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த ஜுர்ஜி ஸைதான் என்ற கிறிஸ்தவர், இஸ்லாமிய வரலாற்றை இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களாக அரபியில் எழுதினார். 1892 இல் அவர் தொடங்கிய ‘அல்ஹிலால்’ சஞ்சிகையின் வாசகர்களுக்கு வரலாற்றை ருசியாகக் கொடுப்பதே நோக்கம். உருதில் அப்துல் ஹலீம் ஷரர், அவருக்குப் பின் நஸீம் ஹிஜாஸி. வாப்பாவின் பெட்டியிலிருந்த நாவலும் இந்தப் பரம்பரையில் வந்ததுதான். குதிரை, வாள், வெற்றி.

அந்த நாவலை நான் பாடசாலை அலுமாரியில் வைக்கவில்லை. ஒட்டும் தாளில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வீட்டிலேயே வைத்திருந்தேன். முப்பது வயதில் மீண்டும் வாசித்தபோது, தேபல் துறைமுகக் கோட்டை விழும் அத்தியாயத்தில் கோட்டைக்குள் இருந்த சனங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது கண்ணில் பட்டது. அகதியாக ஓடியவனுக்கு அது பட்டுத்தானே ஆகவேண்டும். ஆனாலும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதையே முதலில் தொடுவேன். வாப்பா புகையிலைக் கையால் புரட்டிய பக்கங்களின் ஓரம் மண்ணிறமாகிப்போயிருந்தது. அந்த ஓரங்களைப் பார்க்கவே திறந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. அந்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த கொடுமையையும், அதன் பின் எங்கள் ஊர்கள் எப்படி இருந்தன என்பதையும் இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. ஊரடங்கு. வீட்டுக்கு வீடு சோதனை. தொலைக்காட்சியில் அங்கே வாள் அகப்பட்டது, இங்கே வாள் அகப்பட்டது என்ற செய்தி. அரபெழுத்து இருந்த எதையும் வைத்திருக்கச் சனங்கள் பயந்தார்கள். கிணற்றடியில் குழி தோண்டியவர்கள் இருந்தார்கள். பழைய சஞ்சிகைகளைச் சாக்கில் கட்டி ஆற்றில் விட்டவர்கள் இருந்தார்கள். நான் படித்தவன், ஆசிரியன், பயப்பட மாட்டேன் என்றுதான் முதல் நாலு நாளும் இருந்தேன்.

ஐந்தாம் நாள் இரவு பக்கத்துத் தெருவில் சோதனை நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பெட்டியைத் திறந்தேன். வாளும் குதிரையும் முதல் தாளிலேயே. சிந்து எங்கே, முஹம்மது பின் காசிம் யார், இது ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்திய கதை என்பதை எந்த மொழியில், எந்த முகத்தோடு, நடுச்சாமத்தில் ஒரு படைச் சிப்பாய்க்கு விளக்குவேன்? உம்மா நெல்லவிக்கும் அடுப்பு வீட்டுப் பின்புறம் இருந்தது. உமிக்குள் தணல் இன்னும் கிடந்தது. புத்தகத்தை இரண்டாகப் பிளந்து வைத்தேன். பழைய தாள். ஊதவேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

புகை மணத்துக்கு உம்மா எழும்பி வந்தா. “வாப்பாட பொத்தகமா மகன்?” என்று கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. அவ உள்ளே போய்ப் பாயில் சாய்ந்துகொண்டா. அதைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. சூறாவளிக் கதையையும் அதன்பின் அவ யாருக்கும் சொன்னதை நான் கேட்கவில்லை.

சோதனைக்கு வந்தார்கள், மறுநாள் பின்னேரம். வந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அலுமாரியைத் திறந்தார்கள், பானைகளைப் பார்த்தார்கள். ஓர் இளம் சிப்பாய் என் மேசையிலிருந்து ‘பொன்னியின் செல்வன்’ பாகமொன்றைக் கையில் எடுத்தான். அட்டையில் மகுடமும் வாளுமாய் ஒரு வீரன். “மே மொகத்த?” என்றான். “பரண ரஜ கதாவக்” என்றேன். பழைய ராஜா கதை. அவன் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே பக்குவமாக வைத்துவிட்டுப் போனான்.

அவ்வளவுதான். என் பொய் சொல்லத் தெரியாத சிங்களத்தில் இரண்டு சொல் போதுமாக இருந்தது. முதல் நாள் இரவும் அந்த இரண்டு சொல்லே போதுமாக இருந்திருக்கலாம். இருந்திராமலும் போயிருக்கலாம். அந்த நாட்களில் ஒரு புத்தகத்துக்காக உள்ளே போனவர்களும் இருந்தார்கள். என் பயத்தை நான் முற்றாகப் பழிக்கவில்லை. ஆனால் சூறாவளி எடுக்காததை, யுத்தம் எடுக்காததை, என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன் என்பது மாறாது.

அதற்கு ஒரு வருடத்தின் பின், கொரோனா முடக்க காலத்தில், வெளிநாட்டிலிருக்கும் நண்பரொருவர் முன்னர் அனுப்பியிருந்த ஓர் ஆங்கில நூலை அகராதியும் கையுமாக வாசித்தேன். எகிப்திய எழுத்தாளர் றழ்வா ஆஷூரின் ‘கர்னாதா’. 1994 இல் அரபியில் வந்த நாவல். 1492 ஜனவரியில் கர்னாதா வீழ்ந்த பின் அங்கேயே தங்கிவிட்ட ஒரு சாதாரணக் குடும்பத்தின் கதை. கதையின் பெரியவர் அபூ ஜஃபர் புத்தகம் கட்டுபவர். தளபதி அல்ல, மன்னர் அல்ல, தோலும் பசையும் நூலும் கொண்டு பிழைக்கும் தொழிலாளி. 1499 அளவில் கார்தினால் சிஸ்னெரோஸின் கட்டளையால் நகரச் சதுக்கத்தில் அரபு நூல்கள் மலையாகக் குவித்து எரிக்கப்படுவதை அவர் நின்று பார்க்கிறார். அந்தக் குடும்பமோ தங்கள் நூல்களைக் கூடையில் சுமந்து ஊருக்கு வெளியே ஒரு வீட்டின் நிலவறையில் ஒளித்து வைக்கிறது.

அந்த அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு நாள் திறக்கவில்லை. அவர்களும் பயந்தவர்கள்தான். பயந்துகொண்டே ஒளித்தார்கள். நான் பயந்துகொண்டே எரித்தேன். முதன்முறையாக ஒரு சரித்திர நாவலுக்குள் எங்கள் ஆக்களைக் கண்டேன். அங்கே நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்பதையும் கண்டேன்.

அதன் பிறகு என் பரிந்துரைகள் கொஞ்சம் மாறிவிட்டன. கல்கியை இன்றும் கொடுக்கிறேன். வாசிப்பில் ஒரு பிள்ளையை இழுத்து வர அவரைப்போல் யாருமில்லை. அதன் பின் குர்ரத்துல்ஐன் ஹைதர் 1959 இல் உருதில் எழுதி, சௌரியின் தமிழில் கிடைக்கும் ‘அக்னி நதி’. அதில் இந்தியா வரும் கமால், போர்களில் வெறுப்புற்று வங்காளத்தில் ஒரு குடியானவனாகிவிடுகிறான். ஒரு நாட்டுக்கு வந்து சேர்வதற்கு வாளைவிட வேறு வழியும் உண்டு என்பதைப் பிள்ளைகள் அங்கே காணட்டும். பெரியவர்களுக்கு ஜி. குப்புசாமி தமிழில் தந்த ஓர்ஹான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’. ஆங்கிலம் வாசிப்போருக்கு அமீன் மாலூஃபின் ‘லியோ ஆபிரிக்கானுஸ்’. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யையும் சரித்திர நாவல் வரிசையில்தான் வைத்திருக்கிறேன். அதில் மன்னர் இல்லையே என்று கேட்பவர்களிடம், மன்னர் இல்லாத ஊருக்கும் சரித்திரம் உண்டு என்று சொல்வேன்.

கப்பல் பிடிக்கும் அரபுக்காரரைப் பற்றிக் கேட்ட அந்த மாணவியை மேலே குறிப்பிட்டேன் அல்லவா? இப்போது உயர்தரம் படிக்கிறாள். போன வருடம் ஒருநாள் வந்து, “சேர், ஒங்கட வாப்பாக்கிட்ட முஹம்மது பின் காசிம்ட கத ஒண்டு இரிந்ததாம். எங்கட உம்மம்மா எரவல் வாங்கி வாசிச்சிரிக்காவாம். அதத் தாறீங்களா?” என்றாள்.

பொய் சொல்ல வாய் வந்தது. கறையான் தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஒரு மாணவிக்கு முன்னால் அப்படி நின்றது எனக்கு அதுவே முதற்தடவை. அவள் ஒன்றும் பேசாமல் நின்றாள். பிறகு, “அப்ப கதையச் செல்லுங்களன் சேர்” என்றாள்.

நாவலை விட்டுவிட்டு, அந்த நாவல் எதிலிருந்து பிறந்ததோ அதைச் சொன்னேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பலாதுரி எழுதிய ‘புதூஹுல் புல்தான்’ என்ற நூலில் சில வரிகள் உண்டு. மாணிக்கத் தீவின் அரசன் ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜுக்குச் சில பெண்களைக் கப்பலில் அனுப்பி வைத்தான். அத்தீவில் முஸ்லிம்களாகப் பிறந்த பெண்கள். வணிகர்களான அவர்களின் தந்தையர் இறந்துவிட்டிருந்தனர். தேபலுக்கு அருகே கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்தார்கள். ஒரு பெண் ஹஜ்ஜாஜின் பெயரைக் கூவி அழைத்தாள். அவர்களை விடுவிக்கும்படி ஹஜ்ஜாஜ் கேட்டதற்கு, கொள்ளையர் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்றான் மன்னன் தாஹிர். அதிலிருந்துதான் 711 - 712 இன் சிந்துப் படையெடுப்பு என்கிறது அந்நூல். படையெடுப்பு எப்படியும் நடந்திருக்கும், கப்பல் ஒரு சாட்டு மட்டுமே என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. மாணிக்கத் தீவு என்பது நம் இலங்கை என்பதே பொதுவான கருத்து.

அவள் கண் விரிந்தது. “அந்தப் புள்ளைகள் எந்த ஊர் சேர்? பேர் என்ன? பொறகு அவங்களுக்கு என்ன நடந்த?”

ஊர் தெரியாது, பெயரும் இல்லை என்றேன். வாப்பாவின் நாவலில் அவர்கள் முதல் அத்தியாயத்தில் ஒருமுறை கூக்குரலிட்டதோடு சரி. மூன்று முறை வாசித்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வரவில்லை. நான் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு கிழமைக்குப் பின் அவள் அப்பியாசக் கொப்பியொன்றில் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். தளபதி இல்லை, வாள் இல்லை. கடற்கரையோரக் குடிசையில் ஒரு பெண்பிள்ளை பெட்டி கட்டுகிறாள். தகப்பன் மௌத்து. நாளைக்குக் கப்பல். கதை அந்த இடத்தில் நின்றுபோயிருந்தது. “பெட்டிக்குள்ள அந்தப் புள்ள என்னத்த வெச்சிரிப்பா சேர்? அதுதான் வருகுதில்ல” என்றாள். எனக்கும் தெரியவில்லை. உன் உம்மம்மாவிடம் கேள், அகதியாக ஓடிய காலத்தில் அவ எதை எடுத்துக்கொண்டு ஓடினா என்று கேட்டுப் பார் என்றேன்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல் ஒரு துண்டுத்தாள் ஒட்டிக் கொடுத்தேன். வரலாறு என்ற பத்தியில் நாலு வரிதான். கற்பனை என்ற பத்தியை வெறுமையாக விட்டேன். அதை அவள் நிரப்பட்டும்.

முடிவாக இவ்விதழின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். முஹம்மது பின் காசிமைப் பற்றிய பழைய தமிழ் நாவலொன்று, முதல் தாளில் முன்னங்கால் தூக்கிய குதிரையில் வாளேந்திய இளைஞனின் கோட்டுச் சித்திரம் உள்ளது, யாருடைய வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், தயவுசெய்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தலைப்பை மட்டும் தெரிவித்தாலும் போதும். உம்மாவுக்கு எண்பது வயதாகிறது. கண் மங்கிவிட்டது. யாராவது வாசித்துக் காட்டினால் கேட்டுக்கொண்டிருப்பா.